ஊட்டுக்குப் போற சரக்கு

சரக்கு நல்லது, கெட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "இது ஊட்டுக்குப் போற சரக்கு" என்பார். இல்லையென்றால் "இது ஊட்டுக்குப் போவாது" என்பார். அவ்வளவுதான் தீர்ப்பு. முதல் வகையைக் குடித்தவன் தன் காலால் நடந்து வீடு வந்து சேர்ந்து, போட்டதைச் சாப்பிட்டு, காலையில் கம்பெனிச் சங்கு ஊதும்போது எழுந்து ஷிப்டுக்குப் போவான். இரண்டாவது வகையைக் குடித்தவன் எங்கே கிடப்பான் என்று அவனுக்கும் தெரியாது, அவனைக் கட்டினவளுக்கும் தெரியாது.

பழவேற்காட்டார் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் கம்பெனி அட்டையில் இருந்திருக்கும், நான் கேட்டுக்கொண்டதில்லை. பழவேற்காட்டு ஏரியில் வலை போட்ட குடும்பம். எதற்கோ ஏரியை விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து கம்பி இழுக்கும் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அப்போது இங்கே இன்றைக்கு இருக்கிற கூட்டம் ஏது? ரோட்டோரம் நாலைந்து கம்பெனி, இடையில் முள்ளுக்காடு, அவ்வளவுதான். பெண்சாதி பிள்ளைகள் ஊரிலேயே இருந்தார்கள். "அவளுக்கு ஏரிக்காத்து இல்லாம தூக்கம் வராதும்மா" என்பார். எங்கள் லைன் வீட்டில் கடைசி அறை அவருடையது. எங்களுடையது அதற்கு முந்தினது. இரண்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

அவர் சரக்குப் பார்க்கிற முறையே தனி. டம்ளரைக் கையில் கொடுத்ததும் வாயில் வைக்கமாட்டார். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, சோப்புப் போடுகிறவர் மாதிரி இரண்டு கையையும் தேய்ப்பார். தேய்த்த கையைக் குவித்து மூக்கிடம் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு ஒரு விரல் நுனியை நனைத்து நாக்கில் தடவி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, எதிரே இருக்கிற வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. என் வீட்டுக்காரர், வெல்டர் முனுசாமி, லாரன்ஸ், மூன்று தடிமாடுகளும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் அடுப்படியிலிருந்து பார்த்துப் பல்லைக் கடிப்பேன். என் சமையலுக்காக ஒருநாளாவது இப்படிக் காத்திருந்திருக்கிறானா இந்த மனுஷன் என்று.

முதலில் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அதை மறைக்கவும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், ஒருநாள் சாயங்காலம் அவர் அறை வாசலில் போய் நின்று கத்தினேன். "என் புருசனுக்குக் குடிக்கக் கத்துக் குடுக்கறதே நீதானாமே? வயசுக்கு மூத்தவன் செய்யற காரியமாய்யா இது?" என்று கேட்டேன். லைனே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

அவர் கோபப்படவில்லை. வலை முடைந்துகொண்டிருந்தார். ஊருக்கு அனுப்புவதற்காக ஓய்ந்த நேரமெல்லாம் வலை முடைவார். ஊசியை நூலில் குத்தி வைத்துவிட்டு, "கத்துக் குடுக்கல தங்கச்சி. நான் வர்றதுக்கு மின்னாடியே அவன் டிகிரி வாங்கிட்டான். நான் சொம்மா இன்னாத்தக் குடிக்கறான்னு பாத்து வுடறேன்" என்றார்.

"அத்தப் பாக்கறதுக்கு நீ யாரு?"

"பாக்க ஆளு வேணும்மா. குடிக்கறவனுக்குப் பாக்கத் தெரியாது. ஆச கண்ண மறைச்சிடும்."

அன்றைக்கு அது எனக்கு நழுவல் பேச்சாகத்தான் பட்டது. என் அப்பனும் அம்மாவும் கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவன் வயலில் நாற்று நட்டு, களை எடுத்து, கூலி வாங்கினவர்கள். நானும் சேற்றில் இறங்கினவள்தான். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கம்பெனிச் சம்பளம் வாங்கின முதல் ஆண்பிள்ளை என் வீட்டுக்காரர். அந்த ஆள் ஒருநாள் வீடு வராமல் போனால் நான் மறுபடியும் சேற்றில் இறங்க வேண்டியதுதான், எனக்குப் பிறக்கிற பெண்ணும் இறங்க வேண்டியதுதான். சாயங்காலம் அஞ்சு மணிச் சங்கு ஊதினதிலிருந்து அவர் செருப்புச் சத்தம் கேட்கிறவரை எனக்கு உயிர் உயிராக இருக்காது. அந்த வயதில் எனக்கிருந்த ஒரே கவலை அதுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் சர்க்காரே கடை திறந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருஷங்களில் பழவேற்காட்டாருக்கு ஏக மவுசு. புதிதாக எது வந்தாலும் முதல் டம்ளர் அவருக்குத்தான். கடைச் சாராயத்தை "ஈரக்கோணி வாசன, ஆனா ஊட்டுக்குப் போவும்" என்றார். டவுனிலிருந்து லாரன்ஸ் பெருமையாக வாங்கிவந்த பிராந்தியை மோந்து பார்த்துவிட்டு, "இதுவும் அதே சாராயந்தான் நைனா, சட்ட போட்டுக்கினு வந்துகீது" என்றார். லாரன்ஸ் முகம் தொங்கிப் போய்விட்டது. "டப்பு ஜாஸ்தின்னா நல்ல சரக்குன்னு அர்த்தமில்ல. தெனம் குடிக்கறவனுக்கு மறுநாள்னு ஒண்ணு கீதே, அத்தப் பாத்துக் காய்ச்சினானா இல்லியான்னு பாரு" என்று சமாதானம் சொன்னார். அவர் மட்டும் எப்போதும் அரை டம்ளர்தான். அந்த அரை டம்ளரை ஒரு மணி நேரம் குடிப்பார்.

சரக்கு மட்டுமில்லை, எல்லாவற்றையும் அவர் மூக்கு விசாரிக்கும். பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு முனுசாமி வீட்டில் கூழ் ஊற்றினால், ஒரு வாய் குடித்துவிட்டு "மாவு நேத்து கரைச்சதில்ல, முந்தாநாளு" என்பார். முனுசாமி பெண்சாதி முறைப்பாள். கிறிஸ்துமஸுக்கு நான் செய்த கேக்கை வாசலில் வரும்போதே கண்டுபிடித்து, "அடி கொஞ்சம் புடிச்சிட்சா தங்கச்சி?" என்று கேட்டார். மீன்காரம்மா எங்கள் லைனுக்குள் நுழைவதற்கு முன்னால் "கடேசி ரூம்பு ஆளு ஷிப்டுக்குப் போயிட்டாரா?" என்று விசாரித்துக்கொண்டுதான் வருவாள். அவர் இருந்தால் கூடைக்கு ரெண்டடி தள்ளி நின்றே "அந்த மடவை நேத்தையது, எடுத்துக் கீழ போடு" என்று சொல்லிவிடுவார். இந்த மூக்கால் எனக்கு நிறைய லாபம். ஆள் மேலிருந்த கோபம் மீன் மூலமாகத்தான் முதலில் குறைந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு கோபம் அடியோடு போயிற்று. ஏனென்றால் ஒன்றைக் கவனித்தேன். அவரோடு உட்கார்ந்து குடித்த நாளெல்லாம் என் ஆள் வீடு வந்து சேர்ந்தார். தள்ளாடினாலும் சேர்ந்தார். சில நாள் தோளில் கை போட்டு அவரே கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "இந்தா தங்கச்சி, உன் பொருளு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

சர்க்கார் கடையைத் திறந்த மாதிரியே மூடியும் விட்டது. அதற்கப்புறம்தான் பேஜாரே. ஞாயிற்றுக்கிழமையென்றால் பாசஞ்சர் ரயில் ஏறி ஆந்திரா எல்லை தாண்டித் தடாவுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார்கள். மற்ற நாளில் சைக்கிளில் கேன் வரும். எங்கே காய்ச்சினது, எதைப் போட்டுக் காய்ச்சினது என்று கொண்டுவருகிறவனுக்கே தெரியாது. வார்னிஷ் கலக்கிறான், ஸ்பிரிட் கலக்கிறான் என்று பேச்சு அடிபட்டது. அங்கங்கே கண் போன கதையும் ஆள் போன கதையும் கேள்விப்பட்டோம். எங்கள் லைன் ஆட்களுக்கு மட்டும் பயமில்லை. எங்களிடம் பழவேற்காட்டார் இருந்தார். இரண்டு கேனில் ஒரு கேனையாவது திருப்பி அனுப்புவார். அவர் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் அவரை ஆசிட் தொட்டிக்கு மாற்றினார்கள். கம்பியை இழுப்பதற்கு முன்னால் துரு போக ஆசிட்டில் முக்கி எடுக்கிற வேலை. அந்த ஷெட்டுப் பக்கம் போனாலே கண் எரியும், தொண்டை கரகரக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் சட்டை பொத்தல் பொத்தலாக இருக்கும். அவர் அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. இருமல் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், வருகிற கேன் எல்லாமே "ஊட்டுக்குப் போவாது" ஆகிவிட்டது. ஒன்று விடாமல். கையைத் தேய்ப்பார், குவிப்பார், கண்ணை மூடுவார், நாக்கில் வைப்பார், வேப்பமரத்தைப் பார்ப்பார், அப்படியே டம்ளரை மண்ணில் கவிழ்த்துவிடுவார். முதலில் இவர்கள் பயந்தார்கள். அப்புறம் முணுமுணுத்தார்கள். ஏனென்றால் அவர் கொட்டச் சொன்ன அதே கேனில் எதிர் லைன்காரர்கள் வாங்கிக் குடித்துவிட்டு மறுநாள் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள்.

"பெருசுக்குத் திமிரு ஏறிட்சி. சீமச் சரக்கு வந்தாத்தான் சரிம்பாரு போலகீது" என்றார் என் வீட்டுக்காரர். "இனிமே அவராண்ட காட்டாமலே குடிச்சிடலாம்டா" என்றான் லாரன்ஸ்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மீன்காரம்மா வந்தால் இப்போதெல்லாம் அவர் தூரத்தில் நின்று சொல்வதில்லை. கிட்டே வந்து குனிந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்துத்தான் சொன்னார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் மீன் வாங்குகிறோம். அவர் எப்போதிலிருந்து ஊரில் எல்லோரையும் மாதிரி ஆனார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாலை ஸ்டவ்வில் வைத்துவிட்டுத் குடிதண்ணீருக்குப் பம்புக்குப் போனேன். அவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து வலை முடைந்துகொண்டிருந்தார். "அண்ணா, பால் கீது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பம்பில் கூட்டம். திரும்பி வருகிறபோது லைன் முனையிலேயே தீய்ந்த நாற்றம் மூக்கில் அடித்தது. நாலு வீட்டுப் பெண்கள் "யார் ஊட்டுப் பாலுடி?" என்று எட்டிப் பார்க்கிறார்கள். ஓடிவந்தேன். பால் பொங்கி வற்றிப் பாத்திரம் கரிந்து புகைகிறது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிம்மதியாக, கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னாண்ணா, மூக்க எங்கயாவது அடமானம் வச்சிட்டியா?" என்றேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவர் திரும்பி ஸ்டவ்வைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பத்லேந்து?"

"ஆசிட் தொட்டிக்குப் போனேன்ல? அப்பால கொஞ்சம் கொஞ்சமா. மொதல்ல பூ வாசன போச்சி. அப்பறம் மீனு. கடேசியா மண்ணெண்ணயும் போயிட்சி. திருவள்ளூர் ஆஸ்பத்திரில காட்னேன். உள்ள வெந்துட்சாம். வராதுன்னுட்டாங்க."

"அப்ப இத்தினி நாளா நீ கொட்டச் சொன்னதெல்லாம்?"

"தெரியாதும்மா." தலையைக் குனிந்துகொண்டார். "நல்லதாவும் இருந்திருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டாளன், வாயில் வைத்து வைத்து வேப்பமரத்தைப் பார்த்தானே என்று. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு வலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். அதைச் சொன்னது அந்த ஒரே தடவைதான்.

"எங்க அண்ணன் ஏரிக்கரையில படகுல குந்திக்கினு, ஒரு பாட்டில எங்கைல குடுத்து, பாருடான்னான். அன்னிக்கு எனக்கு ஜல்பு. மூக்கு அடச்சிக்கினு இருந்திச்சி. ஒண்ணுந்தெரில. தெரிலன்னு சொல்ல வெக்கம். நல்லாத்தாங்கீது குடின்னுட்டேன். அவன் ஊட்டுக்கு வரல." மடியிலிருந்த வலையைத் தடவினார். "தெரியாதப்போ போவும்னு சொல்லக்கூடாது தங்கச்சி. போவாதுன்னு சொல்லிட்டா இன்னா நஷ்டம்? மண்ணு குடிக்கும்."

"அவங்களாண்ட உண்மைய சொல்லிடேன்."

"சொன்னா நிறுத்திடுவானுங்கன்னு நெனைக்கறியா? பாக்க ஆளில்லன்னு, பாக்காம குடிப்பானுங்க. உன் ஆளுதான் மொதல் டம்ளரு."

அது உண்மை. என் ஆளை எனக்குத் தெரியாதா? சொல்லமாட்டேன் என்று பைபிளைத் தொடாத குறையாகச் சொன்னேன். அன்றைக்குப் புதுப் பால் வாங்கிக் காய்ச்சி அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். வாசனை தெரியாமலே ஊதி ஊதிக் குடித்தார்.

அந்த வருஷம் கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு மிஷின் வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க ஒரு வெள்ளைக்காரனும் வந்தான். ஆறடிக்கு மேல் இருப்பான், என் வீட்டுக்காரர்தான் அவனுக்கு எடுபிடி பிட்டர். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே இருவரும் சிநேகமாகிவிட்டார்கள். பேச்சு ஒன்றும் கிடையாது, தோளில் தட்டிக்கொள்வதுதான். வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, வெளிநாட்டுக்காரர்கள் குடிக்கச் சர்க்கார் கொடுக்கிற பெர்மிட்டில் வாங்கி வைத்திருந்ததில் ஒரு பாட்டிலை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். மக்காச்சோளத்தில் காய்ச்சினதாம். போர்பன் என்று பேராம். பிற்பாடு அந்தப் பெயரில் பிஸ்கட்டைக் கடையில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இது ஒண்ணும் பெரிய வெல இல்ல, எங்க ஊர்ல கம்பெனி வேல முடிச்சிட்டுப் போற ஆளுங்க சாயங்காலம் குடிக்கறதுன்னு அவன் சொன்னதா சூபர்வைசர் சொன்னாரு" என்று இவர் என்னிடம் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்களிடம் அது ஆயிரக்கணக்கில் விலை என்று பீற்றிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த லீவு நாள் மத்தியானம், "இன்னாமே, கொஞ்சம் சக்கரையக் கருக்கிக் குடு" என்று வந்து நின்றார்.

"எதுக்கு?"

சொல்ல வந்ததைச் சொல்லாமல் இருக்கிற ஆள் இல்லை அவர். கோணிக்கு அடியில் ஒரு கேன் இருந்தது. புதிதாக வந்த சரக்கு. அதில் ஒரு டம்ளர் எடுத்து, கருக்கின சர்க்கரை போட்டுப் போர்பன் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவது. இன்னொரு டம்ளரில் நிஜமான போர்பன். இரண்டையும் பழவேற்காட்டார் முன்னால் வைத்து, எது வெள்ளைக்காரன் சரக்கு என்று கேட்பது. "சரியாச் சொல்லிட்டா அவரு சொல்றது வேதம், கேன அவரு இன்னா சொல்றாரோ அப்பிடி. தப்பாச் சொன்னா பெருசு இத்தினி நாளா நம்மள ஏமாத்திக்கினு கீதுன்னு அர்த்தம். கேனத் தொறந்து குடிச்சிட வேண்டியதுதான், இனிமே அவராண்ட கேக்கறதேயில்ல." முனுசாமிக்கும் லாரன்ஸுக்கும் ஏக சந்தோஷம்.

சர்க்கரையைக் கருக்கினேன். நான் கருக்கிக் கொடுத்தால் ஒரு ஆபத்து, கொடுக்காவிட்டால் பரீட்சையே இல்லாமல் கேனைத் திறந்துவிடுவார்கள்.

இரண்டு டம்ளரையும் தயார்செய்து அடுப்படியில் வைத்துவிட்டு இவர்கள் வெளியே பாய் விரிக்கப் போனார்கள். இரண்டும் அச்சாக ஒரே நிறம். எது எது என்று எனக்குத் தெரியும், சொட்டை விழுந்த டம்ளரில் கேன் சரக்கு. ஆனால் டம்ளரைக் காட்டிக் கொடுத்தால் மட்டும் போதுமா? லாரன்ஸ் சும்மா விடமாட்டான், எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்பான். அதனால் நானே மோந்து பார்த்தேன். என் ஜென்மத்தில் அதுவரை சாராயத்தைக் கிட்டத்தில் வைத்து மோந்ததில்லை. என் ஆள் வாயில் வருவதைத்தான் மோந்திருக்கிறேன்.

கேன் சரக்கில் மேலே கருக்கின சர்க்கரை, அடியில் சைக்கிள் கடை ட்யூப் ஒட்டுகிற சொல்யூஷன். போர்பனிலும் கருகின இனிப்பு வந்தது, அதுதான் குழப்பம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மோந்தேன். அதற்குள்ளே வேறு ஏதோ இருந்தது. மரம். அடுப்பில் வைத்துப் பாதி எரிந்து அணைத்த பலகை. அதற்கும் அந்தப் பக்கம், கிறிஸ்துமஸுக்குக் கேக்கில் விடுகிறோமே ஒரு எசென்ஸ், அது. ரொம்பத் தூரத்தில், வறுத்த சோளம். சரி, நாக்கையும் கேட்டுவிடலாம் என்று விரலை நனைத்து வைத்தேன். சுர்ரென்று பிடித்து, பிறகு வெல்லப்பாகு மாதிரி மெதுவாக இறங்கி, நெஞ்சில் வெதுவெதுவென்று நின்றது. மாதாவே மன்னிக்கட்டும், எனக்குப் பிடித்திருந்தது. சாமியாரிடம் எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் இதை நான் சொன்னதில்லை.

பின்பக்கம் குழாயடியில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டு, "வேணாம் தங்கச்சி. போதும். தெரிலன்னு சொல்லிட்றேன். எத்தினி நாளைக்கு இப்பிடியே ஓட்றது?" என்றார்.

"சொல்லுவ! சொல்லிட்டு நீ உன் ரூமுக்குப் போயிடுவ. அந்தக் கேன யாரு கொட்றது, உங்கப்பனா?" என்று சீறினேன். பிறகு அழுகை வந்துவிட்டது. "அண்ணா, அந்த ஆளு ஊட்டுக்கு வரணும்ணா."

அவர் என்னையே பார்த்தார். "சரி, சொல்லு" என்றார். எது எந்த டம்ளர், எதில் என்ன வாசனை என்று அவசர அவசரமாகச் சொன்னேன். பலகை, கேக்கு, சோளம், சொல்யூஷன் என்று வரிசையில்லாமல் வந்தது. வெள்ளைக்காரன் சொல்லிவிட்டுப் போனதை மட்டும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது அப்போது என் ஞாபகத்திலேயே இல்லை.

பாயில் மூன்று பேரும் கம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். அவர் நிதானமாக உட்கார்ந்தார். நல்ல டம்ளரை எடுத்தார். நாலு சொட்டு உள்ளங்கையில். தேய்த்தார். குவித்தார். கண்ணை மூடினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சக்கர கருகின வாசன" என்றார். லாரன்ஸ் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான். "ஆனா அதுக்குள்ள மரம் கீது. நெருப்புல காட்டின மரம். கேக்கு வாசன. சோளம்." லாரன்ஸ் கண்ணடிப்பதை நிறுத்தினான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். மேலண்ணத்தில் ஒட்டினார். வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு துப்பாமல் விழுங்கினார். சரக்குப் பார்க்கும்போது எப்போதும் துப்பிவிடுவார், விழுங்கி நான் பார்த்ததேயில்லை. ஒரு வாய் எடுத்து அதையும் விழுங்கினார்.

"இது சீமான் குடிக்கற சரக்கு இல்ல நைனா" என்றார். "மொதலாளிக்குக் காய்ச்சினதில்ல. நாக்குல கெஞ்சாம, மெரட்டாம போவுது. ஷிப்டு முடிச்சிட்டு, கை கால் கழுவிக்கினு குந்தறான் பாரு ஒருத்தன், தெனத்துக்கும், அவனுக்குக் காய்ச்சினது. அந்த ஊர்லயும் நம்மள மாதிரி ஆளுங்க கீறானுங்க. இது ஊட்டுக்குப் போற சரக்கு."

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமில்லை. அமெரிக்கக்காரன் சொன்ன சொல் அது, விலை உட்பட. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், நான் சொல்லவில்லை என்று. மூக்கு போனாலும் நாக்கு என்று ஒன்று அந்த மனுஷனுக்கு மிச்சம் இருந்தது. அது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது, அவருக்கும் அப்போதுதான் தெரிந்ததோ என்னவோ.

சொட்டை டம்ளரைப் பழவேற்காட்டார் மோந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே எடுத்து மண்ணில் கவிழ்த்தார்.

"போவாதா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"போவாது."

இவர் எழுந்து உள்ளே போய்க் கோணியை விலக்கிக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். முனுசாமி ஒரு கை பிடித்தான். மூன்று பேருமாக லைன் கோடிச் சாக்கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கேன் நல்லதா கெட்டதா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

என் ஆள் குடியை விட்டாரா என்றால் விடவில்லை. பொய் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை தடாவுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் கேன் சரக்கை அதற்கப்புறம் தொடவில்லை. ரிட்டயர் ஆகி, பேரனைத் தூக்கித் தோளில் வைத்து, போன வருஷம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் சொந்தக் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். பழவேற்காட்டார் அதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்பே, இருமல் முற்றி வேலையை விட்டுவிட்டு ஏரிக்கே திரும்பிவிட்டார். அங்கேதான் செத்துப்போனார் என்று பிறகு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு நான் அழுததைப் பார்த்து என் வீட்டுக்காரர், "கூடப் பொறந்தவன் போனாக்கூட இப்பிடி அழமாட்ட நீ" என்றார்.

நான் நினைத்துக்கொள்வது அந்தப் பாய் சாயங்காலத்தைத்தான். இவர்கள் மூன்று பேரும் கேனோடு போனபிறகு அவர் மட்டும் பாயில் இருந்தார். கையில் மிச்சமிருந்த அரை டம்ளர் போர்பன். வெயில் இறங்கி வேப்பமரத்து உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. நான் பாத்திரத்தை எடுக்கக் குனிந்தேன்.

"தங்கச்சி, அது கெடக்கட்டும். இப்பிடிக் குந்து" என்றார்.

உட்கார்ந்தேன்.

"கொழாயாண்ட அவசரத்துல சொல்லிட்ட. ஒண்ணும் சரியாப் புடிபடல." டம்ளரை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். "இப்பச் சொல்லு. எப்பிடிக் கீது வாசன? மெதுவாச் சொல்லு. மொதல்லேந்து."

நான் சொல்லச் சொல்ல, அவர் குடித்தார்.